புளியங்கொட்டைப் பசை

சென்ற நவராத்திரியின்போது மயிலாப்பூரில் நமது வீட்டிற்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த பெண்மணிகளில் பலர் கொலுப் படிகளைப் பார்த்ததைக் காட்டிலும் எதிர்ச் சுவரைப் பார்த்ததே அதிகம். அந்தச் சுவரில் ஒரு சதுர அடி அளவுள்ள பலகை ஒன்று தொங்குகிறது. முகம் பார்க்கும்படி பளபளக்கும் கறுப்புச் சட்டம். அதனுள்ளே செம்பழுப்பு நிறத் தளத்தில் பொற்கொடிகள் புடைத்துக்கொண்டு படர்ந்திருக்கின்றன. கொடிகளுக்கு நடுவே ஒரு தும்பி.

"இது தோல் வேலையா?" என்று ஒருவர் கேட்டார். "கொலு வைக்கிற கூடத்தில் யாராவது தோலை மாட்டுவார்களா? செப்புத் தகடாக்கும்!" என்று இன்னொருவர் தீர்ப்புச் சொன்னார். மூன்றாவது அம்மாள் கிட்டப் போய், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டு, "தங்கம்!" என்று முடிவு கட்டினார். அதோடு நில்லாமல், தங்கம் விற்கிற விலையில் இதை இப்படித் திறந்த கூடத்தில் தொங்கவிட்டிருப்பதற்காக நமது இல்லத்தரசியைச் சற்றுக் கண்டித்தும் விட்டார்.

மூவர் சொன்னதும் பிசகு. அது தோலும் அல்ல, செம்பும் அல்ல, தங்கமும் அல்ல. காகிதம், காகிதத்தின் மேல் வெள்ளீய ரேக்கு, அதன் மேல் நிறமூட்டிய மெருகுப் பூச்சு. ஜப்பான் தேசத்து வேலைப்பாடு.

அதே சுவரில் இரண்டு முழம் தள்ளி இன்னொரு பலகை இருக்கிறது. தஞ்சாவூர்ப் படம், நவநீத கிருஷ்ணன். தங்க ரேக்கு ஒட்டியிருப்பது அதில்தான். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மயிலாப்பூரில் தஞ்சாவூர்ப் படம் இல்லாத பூஜை அறை அபூர்வம். தெரிந்த பொருளைப் பற்றிக் கேட்பானேன்? கேட்காமல் இருந்ததும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. கேட்டிருந்தால் நமக்குப் பதில் சொல்ல நா எழுந்திராது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதப் போகிறோம்.

*

ஜப்பான் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தவள் நம்மிடம் பத்தாம் வகுப்பில் பாடம் கேட்ட மாணவி. இப்போது டோக்கியோ நகரில் உத்தியோகம் பார்க்கிறாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், பொட்டலத்தைப் பிரித்து முன்னே வைத்து, "ஸார், இது எதனால் செய்தது, சொல்லுங்கள் பார்ப்போம்!" என்றாள். இருபது வருஷமாகக் கேள்வி கேட்டே பழகிய நாம் அன்று பதில் சொல்ல வேண்டியவராகி, "தோல்" என்றோம். "பூஜ்யம்!" என்று கூறிச் சிரித்தாள். குருவுக்குப் பூஜ்யம் போடுவதில் மாணாக்கர்களுக்கு இருக்கும் ஆனந்தம் அலாதியானது.

இதற்கு ஜப்பானியர் வழங்கும் பெயர் கின்கரகவகமி. பொன் பூசிய அயல்நாட்டுத் தோலைப்போன்ற காகிதம் என்பது பொருள். பழைய நாளில் ஐரோப்பியச் சீமான்கள் தங்கள் மாளிகைச் சுவர்களுக்குப் பொன் முலாமிட்ட தோலைப் போர்த்துவது வழக்கம். டச்சு வியாபாரிகள் அந்தத் தோலை ஜப்பானுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அது கிடைத்தற்கரிய சரக்கு. கைத்திறன் மிக்க அந்த ஜனங்கள் பார்த்தார்கள்; தங்களிடம் தோல் இல்லாவிட்டால் என்ன, காகிதம் இருக்கிறதே என்று அதிலேயே அந்தத் தோலைச் செய்துவிட்டார்கள். 1868ஆம் வருஷம் மெய்ஜி ஆட்சி ஏற்பட்ட பிறகு, இந்தக் காகிதம் கப்பலேறி ஐரோப்பாவிற்கே சென்று, தோல் இருந்த சுவர்களில் ஏறிக்கொண்டது. சில காலம் ஜப்பானிய நிதி இலாகாவின் அச்சுக்கூடமே இதைச் செய்து விற்றது என்றால் அதன் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

செய்யும் விதம் இது: பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே உலோக ரேக்கைப் பதித்து, நீரில் நனைத்துப் பதமாக்குவார்கள். பிறகு கொடியும் பூவும் பூச்சியும் குழிவாகச் செதுக்கிய மர உருளையின்மேல் அதைப் போர்த்தி, விறைத்த மயிருள்ள தூரிகையால் விடாமல் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் காகிதம் ஒவ்வொரு குழியிலும் இறங்கும். உலர்ந்தபின் எடுத்தால் வெள்ளி நிறத்தில் புடைப்புச் சித்திரம். மேலே மஞ்சள் சாயையுள்ள மெருகைப் பூசினால் வெள்ளீயம் பொன்னாகிவிடுகிறது!

காகிதம் அத்தனை அடியையும் கிழியாமல் தாங்குவதற்குக் காரணம் அது மரக்கூழ்க் காகிதம் அன்று. கோஸோ என்னும் செடியின் உட்பட்டையைச் சாம்பல் நீரில் வேகவைத்து, அடித்து, நீண்ட நார்களாகப் பிரித்து, தண்ணீரில் கலந்து, மூங்கில் சல்லடையால் அரித்தெடுக்கிறார்கள். நார்கள் சிக்கிக்கொள்ளாமல் நீரில் மிதப்பதற்காக ஒரு செடியின் வேரிலிருந்து வழுவழுப்பான சாற்றை எடுத்துச் சேர்க்கிறார்கள். அந்தச் செடி நம் வெண்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். வெண்டைக்காய் வழுவழுக்கிறதென்று நம் வீட்டுச் சமையற்கட்டில் அலுத்துக்கொள்வதுண்டு. அங்கே அந்த வழுவழுப்பைக் கொண்டு ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிற்கும் காகிதம் செய்கிறார்கள். இந்தக் காகிதத் தொழிலை 1914 அல்ல, 2014ஆம் வருஷத்தில்தான் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

கறுப்புச் சட்டத்தின் சமாசாரம் இன்னும் ருசிகரமானது. அதன் மேலுள்ள பூச்சை நாம் அரக்கு என்கிறோம். ஆனால் நமது அரக்கு மரக்கிளைகளில் ஒட்டிவாழும் சிறு பூச்சி கசியும் பிசின், சூடுபட்டால் இளகும். சென்னபட்டணத்து மரப்பொம்மைகளுக்குக் கடைசல் இயந்திரத்தில் பூசுவது அதுதான். ஜப்பானியர் பூசும் உருஷியோ ஒரு மரத்தின் பால். ஆங்கிலேயர் இதற்கு வழங்கும் 'லாக்கர்' என்ற பெயர் மட்டும் நமது 'லாக்ஷா' என்னும் சொல்லிலிருந்து புறப்பட்டுப் போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகச் சென்றது. பத்துப் பதினைந்து வருஷம் வளர்ந்த மரத்தில் ஒரு பருவம் முழுவதும் கீறி எடுத்தாலும் ஒரு சிறு தம்ளர் பால்தான் கிடைக்குமாம். பச்சைப் பால் மேலே பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும்.

அந்தப் பூச்சு வெயிலில் உலர்வதில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள காற்றில் வைத்தால்தான் இறுகுகிறது. அதற்காக ஈரப்பதம் நிறைந்த தனி அலமாரி வைத்திருக்கிறார்கள். சென்னையின் புழுக்கத்தை நாம் வையாத நாளில்லை. உருஷிக்கோ அது சொர்க்கம்! "ஸார், குளிர்சாதன அறையில் மட்டும் இதை மாட்டாதீர்கள், வறண்டு போகும். வெயிலும் படக்கூடாது" என்று மாணவி எச்சரித்தாள். நமது கூடத்தில் குளிர்சாதனம் கிடையாதாகையால் அவ்விஷயத்தில் ஒரு கஷ்டமும் ஏற்படவில்லை.

டோக்கியோவில் 1896ஆம் வருஷம் கட்டிய இவாஸாகி மாளிகையில் ஓர் அறையின் சுவர் முழுவதும் இந்தக் காகிதத்தைக் கண்டதாகச் சொன்னாள். ஆனால் அவள் கண்டது பழைய காகிதம் அன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தொழில் அந்த நாட்டிலேயே அடியோடு அற்றுப்போயிற்று. செய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. 1980களில் உயேதா தகாஷி என்பவர், அருங்காட்சியகத்தில் தூங்கிக் கிடந்த பழைய உருளைகளையும் கிழிந்த துண்டுகளையும் வைத்துக்கொண்டு, எப்படிச் செய்திருப்பார்கள் என்று பரீட்சித்துப் பரீட்சித்துத் திரும்பவும் கண்டுபிடித்தார். உருளைகள் விறகாகப் போகாமல் இருந்ததனால் அல்லவா அது சாத்தியமாயிற்று!

புறப்படும் சமயத்தில் அவள் இன்னொன்று சொன்னாள். சித்திரங்களையும் காகிதத் திரைகளையும் ஒட்டி அமைப்பவர்கள் அந்நாட்டில் தனி வகுப்பார். அவர்கள் குளிர்காலத்தில் கோதுமை மாவின் சத்தைக் காய்ச்சிப் பசையாக்கி, ஜாடிகளில் ஊற்றி மூடி, சுமார் பத்து வருஷ காலம் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து, மேலே பூத்த பூஞ்சணத்தை எடுத்துவிட்டு, தண்ணீரை மாற்றி மூடுகிறார்கள். பத்து வருஷத்தில் பசையின் பிடி தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த பசையைக் கொண்டுதான் மிக உயர்ந்த சித்திரங்களை ஒட்டுகிறார்கள்.

"இது என்ன விபரீதம்? பசை என்றால் பிடிக்க வேண்டாமா?" என்று கேட்டோம்.

"சித்திரம் ஐந்நூறு வருஷம் இருக்கும் ஸார். ஒட்டு நூறு வருஷம்தான் தாங்கும். அடுத்த நூறு வருஷத்துக்கு யாரோ ஒருவன் வந்து பிரித்து மறுபடி ஒட்ட வேண்டுமே! நனைத்தால் விட்டுக்கொடுக்கிற பசையாக இருந்தால்தானே அவனால் முடியும்?"

அவள் விடைபெற்றுப் போய்விட்டாள். நாம் வெகுநேரம் மற்றப் பலகையின் எதிரில் நின்றுகொண்டிருந்தோம்.

*

அந்த இடத்தில் முன்பு இருந்த கிருஷ்ணன் வேறு.

நமது பாட்டியார் கும்பகோணத்துக்கு அடுத்த கிராமத்திலிருந்து மயிலாப்பூருக்கு மணப்பெண்ணாக வந்தபோது, சீர்வரிசைகளோடு ஒரு தஞ்சாவூர்ப் படமும் வந்தது. அப்போதே அது பழைய படம். அவருடைய தாயார் வீட்டுக் கூடத்தில் இருந்தது. கொழுகொழுவென்று வெளுத்த குழந்தைக் கிருஷ்ணன், கையில் வெண்ணெய், தலைக்கு மேல் திரைச்சீலை, இருபுறமும் தூண்கள், கழுத்திலும் இடுப்பிலும் கெம்புக் கற்கள். தங்கம் மங்கித் தேன் நிறமாகியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பாட்டியார் கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் இடுவார். இட்ட இடத்தில் கண்ணாடியே சற்று மங்கலாகிவிட்டது.

அந்தப் படத்தின் முதுகில் நமது பாட்டனார் மசியால் நான்கு வரி எழுதியிருந்தார். நான்கு குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம், நாழிகை. முதல்வர் நமது பெரியப்பா. இரண்டாவது ஒரு பெண். இரண்டு வயது நிறைவதற்குள் போய்விட்டது. மூன்றாவது நமது தகப்பனார். நான்காவது அத்தை. இரண்டாவது குழந்தையை வீட்டில் எல்லோரும் 'பாப்பா' என்றே குறிப்பிடுவார்கள். பெயரைச் சொல்லிப் பேசினால் பாட்டியார் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாராம். ஆகவே அந்தப் பெயர் பலகையின் முதுகில் மாத்திரம் இருந்தது.

2011ஆம் வருஷம், பழைய வீட்டை இடித்து அடுக்குமாடிக் கட்டடம் கட்டும்படி ஆயிற்று. சுவரிலிருந்து படத்தை இறக்கியபோது, கரையான் ஒரு பக்கத்துப் பலகையை அரித்திருப்பதைக் கண்டோம். கீழ் ஓரத்தில் வர்ணமும் சில இடங்களில் செதிலாக உதிர்ந்திருந்தது. பதறிப்போய் அன்றைக்கே ஒரு கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் மரியாதையுள்ள மனிதர். "எப்படி வேண்டும்?" என்று கேட்டார்.

"புதிதுபோல் ஆக்கிக் கொடுங்கள்" என்றோம்.

இந்த மூன்று வார்த்தைகளை நினைத்து நாம் பட்ட வேதனை கொஞ்சமல்ல.

ஆறு வாரம் கழித்துப் படம் வந்தது. ஜொலித்தது. வீட்டிலுள்ளோர் எல்லோரும் மகிழ்ந்தார்கள். நமது இல்லத்தரசி மாத்திரம் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவன் நம் வீட்டுக் கிருஷ்ணன் இல்லை, வேறு யாரோ" என்றாள். திருப்பிப் பார்த்தோம். பின்புறம் வழவழவென்று புது ஒட்டுப்பலகை. ஓடிப்போய்க் கடைக்காரரைக் கேட்டோம். அவர் சிறிதும் மறைக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தவுடன் வர்ணம் கரைந்துவிட்டதாம், பலகையும் உளுத்துவிட்டதாம், ஆகையால் பழையதைப் பார்த்து அதே அளவில் புதிதாகவே எழுதிவிட்டார்களாம். "புதுசுபோலக் கேட்டீர்கள், புதுசாகவே கொடுத்துவிட்டோம். கூலி கூடக் கூட்டவில்லை" என்றார். பழைய பலகை? அது குப்பையோடு போய் ஒரு மாதமாயிற்று.

அப்போது நமது தகப்பனாருக்கு எழுபத்துமூன்று வயது. படத்தைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, வெறும் பலகையைக் கையால் தடவினார். "அக்கா பெயர் 'ர' என்று ஆரம்பிக்கும். ராஜம் என்று நினைக்கிறேன்... ரங்கநாயகியோ?" என்றார். சிறு பையனாக இருந்தபோது, வெள்ளையடிக்கப் படத்தை இறக்கிய ஒரு நாளில் அவர் அதைப் படித்தது. பெரியப்பாவும் அத்தையும் அதற்கு முன்னமே காலமாகிவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் தகப்பனாரும் போய்விட்டார். அந்தக் குழந்தையின் பெயரைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இப்போது எவரும் இல்லை.

*

மாணவி சொன்ன பசையின் ஞாபகம் நம்மை விடவில்லை. நம் பலகையில் என்ன பசை இருந்தது? துடைத்தவுடன் வர்ணம் ஏன் கரைந்தது? விசாரித்ததில், அடையாறில் ஓர் அம்மையார் சனிக்கிழமைகளில் தம் வீட்டுக் கூடத்தில் தஞ்சாவூர்ப் படம் எழுதக் கற்பிக்கிறார் என்று தெரிந்தது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இப்படிப்பட்ட வகுப்புகள் அனேகம். ஆனால் இந்த அம்மையார் கடைப் பசையை வாங்குவதில்லை, தாமே காய்ச்சுகிறார் என்று சொன்னார்கள். ஆகவே அங்கே போனோம்.

நாம் போன சமயம் அடுப்பின்மேல் பசை கொதித்துக்கொண்டிருந்தது. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, தண்ணீர் விட்டுக் கிண்டிக் காய்ச்சியது. புளியைக் கரைத்தபின் நாம் வீசி எறியும் அதே கொட்டைதான்! அந்தக் கொட்டையின் மாவிலிருந்து எடுக்கும் பிசினை, உணவுப் பொருள்களைக் கெட்டியாக்குவதற்காக 1960களிலிருந்தே ஜப்பானியர் தயாரித்து வருகிறார்கள் என்று நாம் எங்கோ படித்திருந்தோம். அதை அம்மையாரிடம் சொன்னோம். "நம் கொட்டையின் அருமையும் அவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் போலிருக்கிறது" என்று சிரித்தார்.

பிறகு, கிண்டிக்கொண்டே, ஒவ்வோர் அடுக்காக விவரித்தார். முதலில் பலாப் பலகை. சில பழைய படங்களில் அதன்மேல் காகித அட்டையும் உண்டு. பிறகு புளியங்கொட்டைப் பசை தடவிக் காடாத் துணி. பூச்சி அரிக்காமல் இருப்பதற்காகப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். துணியின்மேல் சீமைச்சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த பூச்சு. அது உலர்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துச் சமனாக்கிக் கோடு வரைவது. நகை, தூண், திரைச்சீலை ஆகிய இடங்களில் அதே சுண்ணாம்புக் குழம்பைத் தடித்து இட்டுப் புடைப்பாக்கி, கற்களைப் பதித்து, தங்க ரேக்கை ஒட்டுவது. முகமும் கைகால்களும் பிசின் கலந்த வர்ணத்தால் கடைசியில் எழுதுவது. எல்லாவற்றுக்கும் கடைசி கண். இதனாலேயே பழைய ஓவியர்கள் இதைப் பலகைப் படம் என்றார்கள்.

இந்தப் படம் எழுதும் ராஜூ வகுப்பினர் தெலுங்கு நாட்டிலிருந்து தஞ்சைக்கும் திருச்சிக்கும் வந்து குடியேறியவர்கள். இக்கலையை ஆதரித்து வளர்த்த தஞ்சை அரசர்கள் மராட்டியர். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் இது உச்சநிலை அடைந்தது. அப்படி இருந்தும் இதற்குத் தஞ்சாவூர் என்றே பெயர். எங்கிருந்து வந்த கையானாலும், எந்த மண்ணின் புளியங்கொட்டையில் ஒட்டிக்கொண்டதோ அந்த மண்ணுக்கே கலை சொந்தமாகிவிடுகிறது.

"பிசினில் குழைத்த வர்ணம் ஆயிற்றே, தண்ணீர் பட்டால் கரையாமல் என்ன செய்யும்?" என்றார் அம்மையார். "பழைய படத்தின்மேல் ஈரத்துணியே படக்கூடாது. பலகையைக் கரையான் தின்றால் தின்னட்டும். படம் பலகையில் இல்லை, துணியில் அல்லவா இருக்கிறது! பொறுமையுள்ள கையாக இருந்தால், படத்தைக் கவிழ்த்து வைத்து, பின்புறத்து மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுத்துவிட்டுத் துணியை வேறு பலகைக்கு மாற்றிவிடலாம். நாலு மாதம் ஆகும். பளபளவென்று இருக்காது. ஆனால் உங்கள் படமாக இருக்கும்."

முதுகில் இருந்த எழுத்தைப் பற்றிச் சொன்னோம். அவர் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கொடுப்பதற்கு முன்னால் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டீர்களா?"

அன்று கடைக்குப் போனபோது போட்டோ எடுக்கக்கூடிய கைபேசி நமது சட்டைப்பையிலேயே இருந்தது.

*

கடைக்காரர்மேல் நமக்கு வெகு காலம் கோபம் இருந்தது. துணியைத் தண்ணீரில் நனைத்தது அவர் குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் "புதிதுபோல்" என்று சொன்னது யார்? தொண்ணூறு வருஷத்துக்கு மேல் நமது குடும்பம் அந்தப் படத்துக்குப் பூ சாத்தியது. அது பலகையா, துணியா, காகிதமா என்று ஒருவருக்காவது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் மாணாக்கர்களுக்குச் சுண்ணாம்பின் குணங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட நமக்கு, வீட்டுக் கிருஷ்ணனுடைய நகைகள் சுண்ணாம்பு என்பது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு வார்த்தை சொல்லியிருப்போம். "இருப்பது இனி உதிராமல் நிறுத்திக் கொடுங்கள்" என்று சொல்லியிருப்போம். கேட்பவன் வாயிலிருந்து வரும் சொல்லைத்தான் கைவினைஞன் செய்து தருகிறான்.

சுதேசி என்றால் நம் நாட்டுப் பொருளை வாங்குவது என்றே நாம் பால்யத்திலிருந்து கற்றிருக்கிறோம். அது நல்ல பாடமே. தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, 1934இல் மகாத்மாஜி ஏற்படுத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஏற்று நடத்தியபோது, கைக்காகிதத்தை வாங்குங்கள் என்று சொன்னதோடு நிற்காமல், அது எப்படி உண்டாகிறதென்பதையும் ஜனங்கள் அறிய வேண்டுமென்று பாடுபட்டார். வாங்குவதை மட்டும் பிடித்துக்கொண்டு அறிவதை நாம் விட்டுவிட்டோம். தஞ்சாவூர்ப் படத்துக்கு 2007ஆம் வருஷத்தை ஒட்டிப் புவிசார் குறியீடு கிடைத்தது. மிகவும் சந்தோஷம். அந்தச் சட்டம் வேறு ஊரார் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளாமல் காக்கும். நமது சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நம்மிடமிருந்து காக்க அதனால் ஆகாது.

ஜப்பானியரைப் பெரிதாகப் புகழ்ந்து நம்மை இழித்துப் பேசுவது நமது நோக்கமன்று. அவர்கள் தொழிலும் அற்றுப்போய்த்தான் பிழைத்தது. அவர்கள் உபயோகிக்கும் உருஷியில் பெரும் பகுதி இன்றும் சீனாவிலிருந்து வருகிறது. ஆயினும் 2015ஆம் வருஷம் அந்த நாட்டுக் கலாசார இலாகா ஓர் ஏற்பாடு செய்தது: தேசத்தின் முக்கியமான பழங்கட்டடங்களைப் பழுதுபார்க்கும்போது உள்நாட்டு மரப்பாலையே பூச வேண்டும் என்பது அது. எந்தப் பொருளால் செய்ததோ அந்தப் பொருளாலேயே பழுதுபார்ப்பது. பழுதுபார்த்ததையும் பின்னால் வருபவன் பிரிக்கும்படி விடுவது. இதில் நமக்குப் புதியது ஒன்றுமில்லை. புளியங்கொட்டைப் பசையும் நனைத்தால் விட்டுக்கொடுக்கும் பசைதான். இப்போது ஒட்டுப்பலகையில் தடவும் வெள்ளைப் பசைதான் பிடித்தால் விடமாட்டேன் என்கிறது.

பலமுறை நம் பெரியோர்கள் ஜப்பான் சென்று வந்திருக்கிறார்கள். ரவீந்திரர் 1916இல் போனார். 1924இல் மறுபடி போனபோது நந்தலால் போஸையும் அழைத்துச் சென்றார். அடையாறில் பணிபுரிந்த ஜேம்ஸ் கஸின்ஸ் 1919இல் டோக்கியோவுக்குச் சென்று ஆசிரியராக இருந்துவிட்டு வந்தார். நந்தலாலர் திரும்பி வந்த பிறகு சாந்திநிகேதனத்தில் நம் நாட்டுச் சுவர்ச் சித்திரங்களையும் கிராமக் கைவேலைகளையும் முன்னிலும் ஆசையாகப் பார்த்தார். அயலார் வீட்டுக்குப் போய்வந்தால் நம் வீட்டுச் சாமான் கண்ணில் படவேண்டும். நமக்கு அது பத்து வருஷத்துக்கு மேல் தாமதமாகக் கண்ணில் பட்டது.

தாமதமாகாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆகவே வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் வீட்டில் பழைய தஞ்சாவூர்ப் படம் இருந்தால், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அதை மெதுவாக இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எழுத்து இருந்தால் போட்டோ எடுங்கள், இல்லாவிட்டாலும் எடுங்கள். சுவரோடு ஒட்டி மாட்டாமல், நடுவே காற்று போகும்படி இரண்டு கட்டை வையுங்கள். ஈரச் சுவரிலும் அடுப்பங்கரைச் சுவரிலும் வேண்டாம். கற்பூரப் புகையும் விளக்குப் புகையும் நேரே படாமல் சற்று விலகி ஏற்றுங்கள். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். கண்ணாடிக்கு வெளியே துடையுங்கள். உள்ளே கை வைக்காதீர்கள். பழுதுபார்க்கக் கொடுத்தால், என்ன பசை, என்ன வர்ணம், எந்தப் பலகை என்று கேளுங்கள். கேட்பவனுக்கு ஒரு மாதிரியும் கேளாதவனுக்கு வேறு மாதிரியும் வேலை நடப்பது எல்லாத் தொழிலிலும் உண்டு.

*

அடையாற்று அம்மையார் ஒரு சிறு கிண்ணத்தில் பசை கொடுத்தனுப்பினார். அடுத்த முறை நாமே காய்ச்சினோம், அடிப்பிடித்துவிட்டது. மூன்றாம் முறை பதமாக வந்தது.

பாண்டிச்சேரியில் அரவிந்தாசிரமத்தார் செய்யும் கைக்காகிதத்தில் ஒரு தாள் வாங்கி, நமது தகப்பனாரின் குறிப்புகளையும் ஜாதகக் கட்டுகளையும் பார்த்து, நான்கு வரி எழுதினோம். முதல் வரி பெரியப்பா. மூன்றாவது தகப்பனார். நான்காவது அத்தை. இரண்டாவது வரியில், "பெண். பெயர் 'ர' என்று தொடங்கும். ராஜமோ, ரங்கநாயகியோ" என்று எழுதி, அதன் பக்கத்தில் ஒரு பெயர் கொள்ளுமளவு இடம் விட்டோம். அடியில், "இப்படம் 2011இல் எழுதியது. இதற்கு முன்பிருந்த படம் எங்கள் அஜாக்கிரதையால் போய்விட்டது" என்று சேர்த்தோம்.

தாளைப் புதிய கிருஷ்ணனின் முதுகில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருக்கிறோம். எங்கேயாவது ஒரு பழைய கடிதத்திலோ, கிராமத்துக் கோயில் கணக்கிலோ, அந்தக் குழந்தையின் பெயர் என்றைக்காவது அகப்படலாம். அகப்பட்டால், நமக்குப் பின் இந்த வீட்டில் இருப்பவர்கள் ஓரத்தைச் சற்று நனைத்தால் போதும்; தாள் கிழியாமல் கையோடு வந்துவிடும்.